சி.டி.4 620, தழும்பில் ஆறாத புண்: எச்.ஐ.வி.யும் தோல் புற்றும்

கேள்வி: 26 மே 2024

என் சித்தப்பாவுக்கு 57 வயது. லாரி ஓட்டியவர், இப்போது காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். எச்.ஐ.வி. உள்ளவர்; 2009 முதல் ஏ.ஆர்.டி. என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 620, வைரல் லோடு (ரத்தத்தில் வைரசின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவு. கிளீனராக இருந்த வயதில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூடேறி நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கொதிநீர் தெறித்து, இடது முழங்காலுக்குக் கீழே வெந்துபோன பெரிய தழும்பு அவருக்கு உண்டு. அந்தத் தழும்பின் நடுவில் பொங்கலுக்கு முன்பு வந்த புண் இன்னும் ஆறவில்லை. மாத்திரை அலர்ஜி என்கிறார் ஒருவர். சர்க்கரையாக இருக்கும் என்கிறார் இன்னொருவர்; பார்த்தோம், சர்க்கரை இல்லை. "இந்த நோய்க்காரர்களுக்குப் புண் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மருந்துக்கடைக்காரர். சி.டி.4 நன்றாக இருந்தால் எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? புற்றுநோய் என்று பயப்பட வேண்டியதில்லை அல்லவா, அக்கா?

26 மே, இரவு

புண்ணின் விளிம்பிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

27 மே

நான் மருத்துவர் அல்ல. தருமபுரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளின் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டுப் பிரிப்பதும் கட்டுவதுமே என் வேலையாக இருந்ததால், புண்களைப் பற்றிப் பேசும் தகுதி மட்டும் ஓரளவு உண்டு என்று நினைக்கிறேன்.

தம்பி, உங்கள் கேள்வியில் எச்.ஐ.வி. என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலான தீக்காயத் தழும்பு, அதன் நடுவில் நான்கு மாதமாக ஆறாத புண், சர்க்கரை இல்லை. இதை எந்தத் தோல் மருத்துவரிடம் சொன்னாலும் அவர் மனத்தில் முதலில் வருவது மார்ஜோலின் புண்தான். பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828-ல் எழுதியதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. பழைய தழும்பிலோ, நாள்பட்ட புண்ணிலோ எழும் தோல் புற்று அது. பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா வகை, அதாவது மேல்தோலின் தட்டை அணுக்களில் எழும் புற்று. காயம் பட்டதற்கும் புற்று எழுவதற்கும் இடையில் சராசரியாக முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். வெயிலால் வரும் அதே வகைப் புற்றைவிட இது முரட்டுத்தனமானது. நெறிக்கணுக்களுக்குப் போகும் வாய்ப்பும் அதற்கு அதிகம்.

இப்போது எச்.ஐ.வி. என்ற சொல்லைத் திரும்பவும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடனே எல்லாருக்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. மருந்துக்கடைக்காரர் சொன்னது அந்தப் பதிலைத்தான். வைரஸ் தோலுக்குச் செய்யும் கெடுதலைக் காட்டிலும், வைரஸ் இருப்பதாலேயே எந்தப் புண்ணையும் யாரும் உற்றுப் பார்க்காமல் விடுவது செய்யும் கெடுதல் பெரிது என்பது என் அனுபவம். இந்த இழையில் நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

27 மே, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது புற்று என்று தீர்ப்புச் சொன்னதாகாது. காசநோயும் இப்படித் தோலில் வரும், பூஞ்சையும் வரும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இவை இரண்டும் வரக் கூடுதல் காரணம் உண்டு. அதனால்தான் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெறும் கண்ணால் சொல்லிவிடலாம் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், அவர் நானாகவே இருந்தாலும்.

29 மே

சி.டி.4 கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி.

சி.டி.4 என்பது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அந்த வகை வெள்ளை அணுக்கள் எத்தனை என்கிற தலைக்கணக்கு மட்டுமே. அவை எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதை அந்த எண் சொல்லாது. புற்று அணுவைக் கண்டுபிடித்துக் கொல்லும் வேலையின் பெரும்பகுதி சி.டி.8 அணுக்களுடையது, சி.டி.4 அணுக்கள் அவற்றுக்கு ஆணை கொடுத்து உற்சாகப்படுத்துபவை. ஆண்டுக்கணக்கில் ஒரு வைரசோடு மல்லுக்கட்டிய சி.டி.8 அணுக்கள் களைத்துப்போகின்றன. அவற்றின் மேல் பி.டி.1 என்ற நிறுத்துவிசை ஏறிவிடுகிறது. மாத்திரையால் வைரஸ் அடங்கிய பிறகும் இந்தக் களைப்பு முழுவதும் தெளிவதில்லை.

இன்னொன்று, இன்றைய எண்ணோடு பழைய எண்ணும் கணக்கில் வரும். உங்கள் சித்தப்பா 2009-ல் மாத்திரை தொடங்கியவர். அந்நாளில் சி.டி.4 நன்றாக இறங்கிய பிறகே மாத்திரை கொடுத்தார்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் தொற்று உறுதியான எல்லாருக்கும் கொடுப்பது என்ற கொள்கை நம் நாட்டில் 2017-ல்தான் வந்தது. ஆகவே அவர் உடல் சில ஆண்டுகளாவது காவல் குறைந்த நிலையில் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தின் விலையைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. சி.டி.4 500-க்கு மேல் உள்ள 4,685 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே மாத்திரை, மறு பாதிக்கு எண்ணிக்கை இறங்கிய பிறகு மாத்திரை என்று பல நாடுகளில் நடத்திய ஸ்டார்ட் ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. உடனே தொடங்கியவர்களில் 14 பேருக்குப் புற்று. காத்திருந்தவர்களில் 39 பேருக்கு. அது எல்லா வகைப் புற்றும் சேர்ந்த எண்ணிக்கை, தோலுக்கு மட்டும் உரியதன்று. ஆனாலும் காத்திருப்பின் விலை என்ன என்பது அதில் தெரிகிறது.

30 மே

"அப்படியானால் 620 என்பதற்குப் பொருளே இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொருள் இருக்கிறது. வடக்கு கலிபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் பதிவேடுகளை வைத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் எழும் புற்று) அல்லாத தோல் புற்றுகள் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு வந்திருந்தன. அதில், மேல்தோலின் அடிவரிசை அணுக்களில் எழும் பேசல் செல் வகைக்கும் சி.டி.4 எண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஸ்குவாமஸ் வகை மட்டும் எண்ணிக்கை இறங்க இறங்க ஏறியது. எனவே 620 உங்கள் சித்தப்பாவுக்குச் சாதகமான எண்தான்.

30 மே, மீண்டும்

அந்தக் கலிபோர்னியக் கணக்கை அப்படியே தருமபுரிக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அது பெரும்பாலும் வெள்ளைத் தோலர்களின் கணக்கு. அங்கே தோல் புற்று என்றால் வெயில். நம் கறுப்புத் தோலில் வெயிலின் பங்கு சிறியது. பழைய தழும்பு, ஆறாத புண், பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் பாப்பிலோமா வைரஸ், பாதத்திலும் நகத்தடியிலும் எழும் மெலனோமா ஆகியவைதான் இங்கே கவனிக்க வேண்டியவை. இடுப்பில் வேட்டியோ பாவாடை நாடாவோ ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தித் தோல் தடித்து வரும் புற்றைப் பற்றி 1940-களிலேயே நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நெற்றிக்கும் கைக்கும் சன் ஸ்கிரீன் வாங்கித் தரலாமா என்று உங்கள் தங்கை கேட்டிருப்பதற்கும் இதுவே பதில். மாந்தோப்பில் தலைத்துண்டு போதும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். முள் குத்தாத பாதம் அவருக்கு அதைவிட முக்கியம்.

கண்ணை மட்டும் விட்டுவிட முடியாது. கருவிழி ஓரத்தில், வெள்ளை விழியின் மேல், சதை வளர்ந்தது போல் எழும் ஸ்குவாமஸ் புற்றுக்கு வெயிலும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து காரணமாகின்றன. இளம் வயதில் ஒருவருக்கு அது வந்தால், முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வது நம் கண் மருத்துவர்களின் வழக்கம். "கண்ணில் பூ விழுந்திருக்கிறது" என்று நாட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) தொற்று உறுதியானது அந்த வழியில்தான்.

2 ஜூன்

ஓசூரிலிருந்து ஒரு சகோதரி, இணையத்தில் ஊதா நிறத் திட்டுகள் படர்ந்த உடல்களின் படங்களைப் பார்த்துவிட்டு மூன்று நாளாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறார். அது கப்போசி சார்கோமா என்ற புற்று. வியன்னாவில் மோரிட்ஸ் கப்போசி 1872-ல் முதியவர்களிடம் கண்டு எழுதியது; 1981-ல் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இளைஞர்களுக்குத் திடீரென்று வரத் தொடங்கியபோதுதான் எய்ட்ஸ் என்ற நோயே உலகுக்குத் தெரிந்தது. 1994-ல் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற தம்பதி அதற்குக் காரணமான ஹெர்ப்பீஸ் வகை வைரசைக் கண்டுபிடித்தார்கள். மெர்க்கல் செல் என்ற இன்னொரு அரிய தோல் புற்றின் வைரசையும் 2008-ல் அவர்கள் ஆய்வகமே கண்டுபிடித்தது. ஒரே வீட்டில் இரண்டு புற்று வைரஸ்கள்; சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொள்வார்களோ.

அந்த ஹெர்ப்பீஸ் வைரஸ் நம் நாட்டில் குறைவு. அதனால் கப்போசியும் இங்கே அரிது. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர் உடலில் புதிதாகத் திட்டு கண்டால் அது மருந்து ஒவ்வாமையாகவோ, அக்கியின் தடமாகவோ, பூஞ்சையாகவோ, அரிப்புக் கொப்புளமாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். கப்போசியே ஆனாலும், தோலோடு நிற்கும் லேசான நிலையில் ஏ.ஆர்.டி. மாத்திரை மட்டுமே அதை மங்கச் செய்துவிடுவது உண்டு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், விழித்துக்கொண்ட எதிர்ப்பு சக்தியின் ஆர்ப்பாட்டத்தால் அது தற்காலிகமாகப் பெருக்கவும் கூடும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

படங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள், சகோதரி.

9 ஜூன்

தம்பி, மா சீசன் முடியட்டும் என்கிறாரா? அவர் நிலைமை புரிகிறது. குத்தகைப் பணம் கொடுத்தாயிற்று. காய் மரத்தில் இருக்கிறது. கூழ் ஆலைக்காரர்கள் விலையை ஏற்றி இறக்கி விளையாடுகிறார்கள். ஆனால் சதை எடுப்பது அரை நாள் வேலை. காலையில் போனால் மதியம் தோப்புக்குத் திரும்பிவிடலாம்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பாட்டி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு எப்படி உண்டானது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். நம் மக்கள் கத்தியிடம் போவதே கடைசியில். அதற்குள் புற்று பரவிவிட்டிருக்கும். பிறகு வந்த சாவைக் கத்தியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தோல் புற்றில் சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை.

செய்முறையைச் சொல்லிவிட்டால் பயம் குறையும். புண்ணின் ஓரத்தில் மரப்பு ஊசி போடுவார்கள்; அது மட்டும் சுருக்கென்று வலிக்கும். பேனா போன்ற பிடியும் 4 மி.மீ. வாய் உடைய கூர்மையான குழாயும் கொண்ட கருவியை வைத்து, விரல்களுக்கிடையில் உருட்டி அழுத்துவார்கள். சின்னதாக ஒரு சதை உருளை வரும். அதை ஃபார்மலின் உள்ள குப்பியில் போடுவார்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும், ஒன்றும் தெரியாது. தடித்து மேலெழும்பி வெளிப்பக்கமாக மடங்கிய விளிம்பில், இரண்டு மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். காசநோய், பூஞ்சைப் பரிசோதனைக்கென்றால் தனித் துண்டு வேண்டும். அதை ஃபார்மலினில் போடக் கூடாது, உப்புநீரில் போட வேண்டும். குப்பியை உங்கள் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பெயர் குப்பியின் உடலில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் மட்டும் எழுதிய பெயர், மூடியைக் கழற்றி வைத்ததும் பயனற்றுப் போகும். அப்படி அனாதையான குப்பிகளைப் பார்த்திருக்கிறேன்.

10 ஜூன்

விட்டுப்போனது: தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டியிருந்தால் அதையும் "எச்.ஐ.வி. என்றால் நெறி கட்டத்தான் செய்யும்" என்று யாராவது சொல்வார்கள். வைரசாலும் கட்டும், புண்ணின் சீழாலும் கட்டும், காசநோயாலும் கட்டும், புற்றாலும் கட்டும். ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

16 ஜூன்

நகம் பற்றிய கேள்வி. சித்தப்பாவின் கைவிரல் நகங்களில் முன்பு கறுப்புக் கோடுகள் இருந்தன, இப்போது மங்கிவிட்டன, அதுவும் காலில் உள்ள இந்தப் புண்ணும் ஒன்றா என்று கேட்கிறீர்கள். இல்லை. 2009-ல் தொடங்கியவர்களில் பலருக்கு ஜிடோவுடின் உள்ள கூட்டு மருந்துதான் கொடுத்தார்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அந்த மருந்து நகங்களில் நீளவாக்கில் நீலமும் கறுப்புமாகக் கோடு போடும். தொடங்கிய சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் வரும்; பெரும்பாலும் பல நகங்களில் வரும்; மருந்தை மாற்றினால் மெல்ல மறையும். ஏ.ஆர்.டி. மையத்தில் வரிசையில் நிற்பவர்கள் கையை மடக்கிக்கொண்டு நிற்பார்கள், நகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள் என்று. அங்கே மருதாணி வைத்துக்கொண்டு வந்த ஆண்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். "தங்கச்சி பொண்ணு வச்சி விட்டுச்சி" என்பார்கள்.

அந்தக் கோடுகள் எல்லாருக்கும் அவ்வளவு பழகிப்போனதுதான் பிறகு வினையாயிற்று. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவருக்கு வலது கால் பெருவிரல் நகத்தில் மட்டும் கறுப்பு. மாத்திரைக் கறுப்பு என்று அவரே முடிவு செய்துகொண்டார். அவர் காட்டிய இடங்களிலும் அதையே சொன்னார்கள். கோடு அகன்றது. நகம் தாண்டி, நகத்தின் அடித்தோலுக்கும் கறுப்பு வழிந்தது. நகம் பிளந்து நீர் கசிந்தபோது ஆணிக்கால் என்றார்கள். எங்கள் பிரிவுக்கு அவர் வந்தது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு கட்டியோடு. மெலனோமா. அவருடைய சி.டி.4 எண் உங்கள் சித்தப்பாவினுடையதைவிட நன்றாகவே இருந்தது.

எல்லா விரலிலும் இருந்தால் மருந்து என்று எண்ணலாம். ஒரே விரலில் இருந்தால், அகன்றால், நகத்தை விட்டுத் தோலுக்கு வழிந்தால், காட்டியே ஆக வேண்டும். பாப் மார்லியின் கதையும் இதுதான்: 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டார்கள், பந்து விளையாடிய காயம் என்று முதலில் எண்ணப்பட்டது, 1981-ல் 36 வயதில் இறந்தார். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை. விரலில் கறுப்பு கண்டால் ஏதாவது ஒரு சாக்கு எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது; நம்மவர்களுக்கு அது தயாராகவே இருக்கிறது, அவ்வளவுதான்.

30 ஜூன்

சதைப் பரிசோதனை முடிவைப் படித்தேன். நன்கு முதிர்ந்த வகை ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. "நன்கு முதிர்ந்த" என்றவுடன் நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழுதிருக்கிறார்கள். அழ வேண்டாம். அணுக்கள் இன்னும் இயல்பான தோல் அணுவின் சாயலில் இருக்கின்றன என்பதே அதன் பொருள். மூன்று தரங்களில் அதுவே நல்ல தரம். நெறியில் ஊசி குத்தியதில் புற்று அணு இல்லை, அழற்சி மட்டும் என்பதும் நல்ல செய்தி. எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்த பிறகே காலைக் காப்பாற்றுவது பற்றிப் பேச முடியும்.

1 ஜூலை

"எச்.ஐ.வி.யோடு புற்றும் சேர்ந்தால் பிழைப்பது கடினம் என்கிறார்களே, உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அமெரிக்காவின் ஆறு மாநிலப் பதிவேடுகளை இணைத்துப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில், மெலனோமா வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் அந்தப் புற்றாலேயே இறப்பது மற்றவர்களைவிடச் சுமார் 1.7 மடங்கு இருந்தது. தாமதமாக வந்தார்கள், சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. நோயின் நிலையைச் சமன்செய்து பார்த்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. ஆகவே, யாரும் உற்றுப் பார்க்காததே பெரிய கெடுதல் என்று மே 27-ல் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: களைத்த எதிர்ப்பு சக்திக்கும் இதில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பதிவேடுகள் 1996 முதல் 2010 வரையிலான காலத்தவை. இன்றுள்ள மாத்திரைகளும் வைரல் லோடு பரிசோதனையும் அன்று எல்லாருக்கும் கிடைத்தவை அல்ல. தவிர, அது மெலனோமா. உங்கள் சித்தப்பாவுக்கு வந்தது வேறு. ஸ்குவாமஸ் வகையில் கவலைப்பட வைப்பது மறுபடி வருவதுதான்: ஒரு முறை வந்தவர்களில் சி.டி.4 200-க்குக் கீழும் வைரல் லோடு மிகுந்தும் இருப்பவர்களுக்கே இன்னொரு ஸ்குவாமஸ் புற்று எழும் வாய்ப்பு வெகுவாக ஏறுகிறது என்று அதே கலிபோர்னியப் பதிவேடுகளிலிருந்து 2017-ல் எழுதினார்கள். அவர் அந்த இடத்தில் இல்லை. மாத்திரையை விடாத வரை அங்கே போகவும் மாட்டார்.

4 ஜூலை

அறுவை செய்ய நாள் தள்ளிப் போடுகிறார்களா? காரணம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுத வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், சம்மதமின்றி அதைப் பிறருக்குச் சொல்வதையும் அது தடை செய்கிறது. "பட்டியலில் கடைசியாக வையுங்கள்" என்ற பழைய பழக்கத்தை நானும் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். காலை ஆறு மணி முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாலை வரை கிடந்து, "இன்று நேரமில்லை" என்று வார்டுக்குத் திரும்பியவர்களுக்குத் தட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்பதுதான் விதி. யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரியாமலே தினமும் அறுவை நடக்கிறது. தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. வைரஸ் அடங்கியவரிடம் அதனினும் மிகக் குறைவு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் தடுப்பு மருந்தும் இருக்கிறது. இதை மருத்துவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் வைரல் லோடு முடிவோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும்; பேச வேண்டியதை அந்தத் தாள் பேசும். 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணிலும் கேட்கலாம்.

புண் ஆறுமா என்ற பயம் வீட்டில் இருக்கிறதல்லவா? வைரஸ் அடங்கியவர்களுக்குத் தையல் ஆறுவதில் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை. பீடியை நிறுத்தச் சொல்லுங்கள். ஒட்டிய தோலைக் கெடுப்பதில் பீடிதான் முதல் எதிரி.

28 ஜூலை

சுற்றிலும் நல்ல தோலோடு அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், எலும்பில் இல்லை, வெட்டிய விளிம்புகளில் புற்று அணு இல்லை. இதற்கு மேல் நல்ல செய்தி கேட்க முடியாது. தோல் எடுத்த தொடைதான் ஒட்டிய காலைவிட அதிகம் வலிக்கும், அது இயல்பு.

கொடுத்த மாத்திரைப் பட்டியலில் இரும்புச்சத்தும் கால்சியமும் இருக்கின்றன. அவற்றை ஏ.ஆர்.டி. மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கக் கூடாது. அவர் இப்போது சாப்பிடும் கூட்டில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். ஏ.ஆர்.டி. மாத்திரையை முதலில் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து மற்றவற்றைப் போடலாம். அல்லது எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வைரல் லோடு ஏறியதற்கு இந்தச் சத்து மாத்திரைகள் காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

11 ஆகஸ்ட்

கதிர் சிகிச்சையும் தேவைப்படலாம் என்று பெங்களூருக்குக் கருத்துக் கேட்கப் போகிறீர்கள். கதிரோ கீமோவோ கொடுத்தால் சி.டி.4 இறங்கும், 620 என்பது பாதியாகவும் ஆகலாம். அதைப் பார்த்து எச்.ஐ.வி. திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் வைரல் லோடைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடங்கியே இருந்தால் எண்ணிக்கை இறங்கியது சிகிச்சையால்தான். தேவைப்பட்டால் சில காலம் செப்ட்ரான் என்ற தொற்றுத் தடுப்பு மாத்திரையை மறுபடி கொடுப்பார்கள். கீமோவில் சிஸ்பிளாட்டின் என்ற பெயர் வந்தால், சித்தப்பா தம் ஏ.ஆர்.டி. மாத்திரையில் டெனோஃபோவிரும் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சிறுநீரகத்தைச் சோதிப்பவை. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்த எண் சற்றே கூடியிருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலே அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். இதையும் புற்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பி.டி.1 நிறுத்துவிசையை விடுவிக்கும் ஊசி மருந்தைப் பற்றி ஒருவர் கேட்டார். எதிர்ப்பு அணுக்களின் நிறுத்துவிசைகளை விடுவித்துப் புற்றை எதிர்க்கும் வழிக்குத்தான் 2018-ல் அலிசன், ஹோன்ஜோ என்ற இரு விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு; பி.டி.1 ஹோன்ஜோ கண்டது, அலிசன் ஆராய்ந்தது இன்னொரு நிறுத்துவிசை. தொடக்கக் காலச் சோதனைகளில் எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பிறகு சி.டி.4 100-க்குக் குறையாத, மாத்திரையால் வைரஸ் அடங்கிய 30 பேரிடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற அந்த வகை மருந்தைக் கொடுத்து, பக்க விளைவுகள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு வருவது போன்றவையே என்று 2019-ல் எழுதினார்கள். விலை, குத்தகைதாரர்களுக்கு எட்டும் விலை அன்று. உங்கள் சித்தப்பாவுக்கு இன்றைய நிலையில் அது தேவையும் இல்லை.

15 செப்டம்பர்

கதிர் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் இடைவெளியில் தவறாமல் போக வேண்டும்; திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் வந்துவிடும். இடையில் மாதம் ஒரு முறை, குளித்து முடித்த பிறகு, தழும்பின் ஓரங்களை விரலால் தடவிப் பார்க்கட்டும்; தடிப்பு இருக்கிறதா, தொடை இடுக்கில் அழுத்தினால் நகராத உருண்டை தட்டுப்படுகிறதா என்று கவனிக்கட்டும்.

ஓசூர் சகோதரிக்கு: நகத்தில் கறுப்புக் கோடு, இடது கால் பெருவிரலில் மட்டும், போன ஆண்டுதான் வந்தது என்கிறீர்கள். நீங்கள் சாப்பிடுவது முதலிலிருந்தே டோலுடெக்ராவிர் கூட்டு. ஜிடோவுடின் சாப்பிட்டதே இல்லை. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வயது ஏற ஏற ஒரு நகத்தில் கோடு வருவது சாதாரணம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆனால் நீங்கள் சொல்லும் கோடு அகன்றிருக்கிறது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்; நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். கையிலும் காலிலும் உள்ள இருபது நகங்களையும் அவர் பார்க்க வேண்டும். பழைய படம் ஏதாவது செல்போனில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், கோடு எவ்வளவு அகன்றது என்று ஒப்பிட உதவும். தோல் பிரிவு புறநோயாளிச் சீட்டு காலை 11 மணிக்கு மேல் பல இடங்களில் கிடைக்காது.